கிராமத்துப் பக்கம் போய்வந்த பிறகு ஒரு நடிகைக்குச் சிறிய காதல் கடிதம்: முழுமையான வழிகாட்டி

பகல் முழுக்க வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் சுற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறீர்கள். உடன் வந்தவர் ஒரு நடிகை. அவரை வீட்டில் இறக்கிவிட்டு வண்டி திரும்பிய பிறகுதான், சொல்ல நினைத்ததைச் சொல்லவே இல்லை என்று உறைக்கிறது. அதைக் கடிதத்தில் சொல்லலாம் என்று தோன்றுகிறது. தாராளமாக எழுதுங்கள். நேரில் சொன்னால் அவர் அந்த இடத்திலேயே முகத்தில் ஏதோ ஒரு பதிலைக் காட்டியாக வேண்டும். கடிதம் என்றால் அவர் தனியாக உட்கார்ந்து படிப்பார். என்ன நினைக்கிறார் என்பதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. முகத்தாலேயே பிழைக்கும் ஒருவருக்கு அது பெரிய நிம்மதி.

எழுதும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேமரா, இயக்குநர், மேக்கப் போடுபவர், தெருவில் போகிறவர் என்று எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். வெளியூர் போன அந்தப் பகலில் அவர் அதிலிருந்து விடுப்பு எடுத்திருந்தார். உங்கள் கடிதம் அவரை மறுபடி மேடையில் ஏற்றிக் கைதட்டினால், அன்று உடன் போனவர் நீங்களாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பதே இல்லை. எந்த ரசிகர் வேண்டுமானாலும் போயிருக்கலாம். அந்தப் பகலில் வந்தவருக்கு எழுதுங்கள். கீழே சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்து கிளைப்பவைதான்.

தொடங்கும் முன்

இது அவரோடு ஏற்கெனவே பழகுகிறவர்களுக்கான வழிகாட்டி. அவர் தானாக விரும்பி உங்களோடு வந்திருக்க வேண்டும், உங்கள் பெயரும் எண்ணும் அவரிடம் இருக்க வேண்டும். படப்பிடிப்புக்காக யூனிட்டோடு ஒரு கிராமத்துக்குப் போய், அங்கே இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அது வேலை நிமித்தம். அதை வைத்துக் காதல் கடிதம் எழுத வேண்டாம். அவருக்குச் சம்பளம் கொடுப்பவராகவோ வாய்ப்புக் கொடுப்பவராகவோ நீங்கள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அந்த நிலையில் அவரால் மறுப்பதுகூடச் சுலபம் இல்லை. வேலை உறவு முடியும்வரை எழுதாமல் இருப்பதுதான் மரியாதை.

படி 1: அன்றிரவே குறிப்பெடுங்கள், கடிதம் எழுதாதீர்கள்

திரும்பி வந்த இரவில் மனம் பொங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பொங்கலில் எழுதும் கடிதத்தில் உங்களைப் பற்றித்தான் நிறைய இருக்கும்: எனக்கு எப்படி இருந்தது, எனக்குள் என்ன நடந்தது, நான் எப்படித் தூங்காமல் கிடக்கிறேன். அவர் அதில் எங்கோ மூலையில் நின்றுகொண்டிருப்பார்.

அதற்குப் பதிலாக ஒரு தாளை எடுத்து, பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். உணர்ச்சி ஒன்றும் வேண்டாம். அவர் எங்கே நின்றார், எதைத் தொட்டார், எதைக் கேட்டார், எதற்குச் சிரித்தார், எப்போது பேச்சு நின்றது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாரா? வெயில் ஏறியபோது தலையில் எதைப் போட்டுக்கொண்டார்? ஆட்டுக்குட்டியைத் தூக்கினாரா, இல்லை தூர நின்று பார்த்தாரா? மறுநாள் பாதி மறந்துவிடும், மிச்சத்தை மனம் அழகுபடுத்திவிடும். செல்பேசியில் எடுத்த படங்களைப் பார்த்து எழுதாதீர்கள். படத்துக்கு நிற்கும் அந்த நொடியில் அவர் தொழில் அவருக்குள் வந்துவிடும். படத்தில் விழாததுதான் உங்களுக்கு வேண்டியது.

குறிப்பை வைத்துவிட்டுத் தூங்குங்கள். கடிதம் காலையில்.

படி 2: ஒரே ஒரு கணம்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. கடிதத்தின் தலையெழுத்தும் இங்கேதான் தீர்மானமாகிறது.

உங்கள் குறிப்பில் பத்துப் பதினைந்து வரிகள் இருக்கும். அதில் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். உதாரணமாக மூன்று கணங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது, ஏரிக்கரையில் அந்தி வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. இரண்டாவது, ஒரு பாட்டி அவரை அடையாளம் கண்டு கன்னத்தைத் தடவிப் பேசியது. மூன்றாவது, சாலையோர மைல்கல்லில் எழுத்து அழிந்திருந்ததைப் பார்த்து, அவர் குந்தி உட்கார்ந்து துப்பட்டா நுனியால் துடைத்துப் படிக்கப் பார்த்தது.

பலரும் முதலாவதைத்தான் எடுப்பார்கள். எடுக்க வேண்டாம். அந்தி வெளிச்சம் யார் முகத்தில் விழுந்தாலும் அழகுதான். அதைவிட, முகத்தில் விழும் வெளிச்சத்தைப் பற்றி அவரிடம் பேச ஒளிப்பதிவாளர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது இன்னும் இனிமையாகத் தெரியும். ஆனால் அது அவருடைய புகழைப் பற்றியது. அந்தப் பாட்டியிடமும் அவர் கொஞ்சம் நடிகையாகவே இருந்திருப்பார், இருந்துதான் ஆக வேண்டும். மூன்றாவதில்தான் அவர் தன்னை மறந்திருக்கிறார். யாரும் பார்க்கிறார்களா என்ற நினைப்பு இல்லாமல் மண்ணில் குந்தி உட்கார்ந்திருக்கிறார். அழிந்துபோன ஓர் ஊர்ப்பெயர் என்னவாக இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார். நீங்கள் விரும்புவது அந்த ஆசையைத்தான். அதை எழுதுங்கள்.

தேர்ந்தெடுக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. அந்தக் கணத்தை அவருடைய ரசிகர் ஒருவர், அவரை நேரில் பார்க்காமலேயே, கற்பனை செய்து எழுதியிருக்க முடியுமா? முடியும் என்றால் அதை விட்டுவிடுங்கள்.

நிலக்காட்சியை என்ன செய்வது என்ற கேள்வி வரும். கிராமத்துப் பக்கம் போய்வந்துவிட்டு வயலையும் வானத்தையும் வர்ணிக்காமல் எப்படி? இதற்கு நம் சங்க அகப்பாடல்கள் வழிகாட்டுகின்றன. அங்கே நிலமும் பொழுதும் முதற்பொருள், மரமும் பறவையும் விலங்கும் கருப்பொருள், காதல்தான் உரிப்பொருள். கருப்பொருள் சும்மா அழகுக்காக வந்து நிற்பதில்லை. ஒரு கொக்கு வந்தால் அது சொல்ல முடியாத ஒன்றைச் சொல்வதற்காக வருகிறது. உங்கள் கடிதத்திலும் அப்படித்தான். மைல்கல் வருகிறது, ஏனென்றால் அவர் அதைத் தொட்டார். பச்சை வயல் வர வேண்டுமானால் அதற்கும் ஒரு காரணம் வேண்டும். காரணம் இல்லாத வயலை வெட்டிவிடுங்கள்.

அளவு பற்றியும் அங்கேயே பாடம் இருக்கிறது. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிக்குள் முடிந்துவிடுகின்றன. ஒரு காட்சி, ஒரு மனநிலை, அவ்வளவுதான். உங்கள் கடிதமும் நூறு சொல்லுக்குப் பக்கத்தில் நின்றால் நல்லது. நூற்றைம்பதைத் தாண்ட விடாதீர்கள்.

படி 3: நடிப்பைப் பற்றி எதுவும் வேண்டாம்

அவர் நடித்த பாத்திரத்தின் பெயரைக் கடிதத்தில் கொண்டுவராதீர்கள். அவர் பேசிய வசனத்தைத் திருப்பி அவருக்கே சொல்லாதீர்கள். திரையில் பார்த்ததைவிட நேரில் அழகு என்பது பாராட்டு மாதிரி ஒலிக்கும். படிக்கிறவருக்கு அது ஓர் ஒப்பீடு, அளவெடுப்பு. அவர் வேலை உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அதை வேறொரு நாள், வேலையைப் பற்றிய பேச்சில், விவரமாகச் சொல்லுங்கள். உண்மையிலேயே சந்தோஷப்படுவார்.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. அவர் தொழிலை விட்டு உங்களோடு எங்கேயாவது வந்துவிட வேண்டும் என்ற பொருளில் ஒரு வரிகூட வரக் கூடாது. "இந்த ஆரவாரம் எல்லாம் இல்லாமல் நாம் இப்படியே ஒரு கிராமத்தில் இருந்துவிட்டால்" என்பது கிராமத்திலிருந்து திரும்பியவர் பேனாவில் தானாக வரும் வாக்கியம். இனிமையாகவும் இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு கோரிக்கை ஒளிந்திருக்கிறது.

பிரெஞ்சு எழுத்தாளர் விக்தோர் யூகோவும் நடிகை ஜூலியத் துரூவேயும் 1833இல் காதலர்கள் ஆனார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் பாரிசுக்கு வெளியே பியேவ்ர் பள்ளத்தாக்கில், அவர் ஒரு வீட்டிலும் இவர் கொஞ்ச தூரத்தில் இன்னொரு வீட்டிலும் தங்கி, காட்டுப்பாதையில் சந்தித்துக்கொண்டார்கள். ஒரு பொந்து மரத்தில் கடிதம் வைத்து எடுத்துக்கொண்டார்கள் என்பதும் அந்தக் காலத்துச் செய்திதான். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் துரூவே நாடக மேடையை விட்டுவிட்டார். அவர் 1883இல் இறக்கும்வரை, அரை நூற்றாண்டில் யூகோவுக்கு எழுதிய கடிதங்கள் ஏறத்தாழ 20,000. நீண்ட காலம் வெளியே தனியாகப் போகவும் முடியாமல் அடைந்து கிடந்த ஒரு பெண் எழுதியவை அவற்றில் பல. அந்தப் பொந்து மரத்தை நினைத்துக்கொள்ளும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: எப்படி விளிப்பது

நேரில் எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படியே. 'நீங்கள்' என்று பேசிக்கொண்டிருந்தவர் கடிதத்தில் திடீரென்று 'நீ'க்குத் தாவினால், அவர் கொடுக்காத உரிமையை எடுத்துக்கொண்டதாக ஆகும். 'நீ' எப்போது வர வேண்டும் என்பதை அவர் தொடங்கட்டும். 'கண்ணே', 'தேவதையே' எல்லாம் வேண்டாம். அவருக்கு வரும் ரசிகர் கடிதங்கள் அப்படித்தான் தொடங்கும்.

திரைப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று என்று இருந்தால், அவர் உங்களிடம் தன்னை எந்தப் பெயரால் அறிமுகப்படுத்திக்கொண்டாரோ அதுதான். வீட்டுப் பெயரை வேறு யார் மூலமாவது தெரிந்துகொண்டிருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

ரஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செக்காவ், பின்னால் தன் மனைவியான நடிகை ஓல்கா நிப்பரைக் கடிதங்களில் 'நடிகையே' என்றே விளையாட்டாகக் கூப்பிடுவார். 1899 மே மாதம் நிப்பர் மெலிகோவோ கிராமத்தில் செக்காவின் வீட்டுக்கு வந்து சில நாள் தங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் இருவரும் கிரிமியாவில் உள்ள யால்டாவிலிருந்து மலைப்பாதையில் குதிரை வண்டியில் பக்சிசராய் போய், அங்கிருந்து மாஸ்கோவுக்கு ரயில் ஏறினார்கள். அதற்கடுத்து வந்த கடிதங்களில் வீட்டு வேலை, தோட்டம், உடம்பு, நாடகக் குழு என்று அன்றாடம்தான் நிறைய. 1901இல் திருமணம். அவர்களுக்கு நடுவே நாடகம் ஒரு பொதுச் சொத்து. செக்காவ் எழுதினார், நிப்பர் நடித்தார். அதனால் 'நடிகையே' என்பது இருவருக்கும் சொந்தமான கேலி. உங்களுக்கு அப்படி ஒரு கேலி ஏற்கெனவே இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால் பெயர் போதும்.

படி 5: எழுதுங்கள்

பலர் முதலில் எழுதுவது இப்படி இருக்கும்:

"நேற்றைய நாள் என் வாழ்வின் பொன்னாள். பச்சைப் பசேல் என்ற வயல்களுக்கு நடுவே நீங்கள் நடந்து வந்தபோது இயற்கையே உங்களைப் பார்த்து வெட்கப்பட்டது. கோடிக்கணக்கானவர்கள் திரையில் ரசிக்கும் அந்த முகத்தை அருகில் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. நீங்கள் இல்லாமல் என்னால் இனி வாழ முடியாது. உங்கள் பதிலில்தான் என் உயிர் இருக்கிறது."

இதில் பொய் ஒன்றும் இல்லை. எழுதியவர் அப்படித்தான் உணர்ந்திருப்பார். ஆனால் எந்த ஊர், எந்த நாள், எந்தப் பெண் என்று எதுவும் இதில் இல்லை. கடைசி வரி அவர் தோளில் ஓர் உயிரை ஏற்றிவைக்கிறது. இப்போது அந்த மைல்கல்லை வைத்துக்கொண்டு எழுதிப் பார்ப்போம்:

"நேற்று அந்த மைல்கல் முன்னால் குந்தி உட்கார்ந்து, துப்பட்டாவால் மண்ணைத் துடைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தீர்கள். மூன்று எழுத்துக்கு மேல் தெரியவில்லை. மிச்சத்தை நீங்களே போட்டு ஓர் ஊரை உண்டாக்கினீர்கள். அந்த ஊரில் மழை சாயங்காலம் மட்டும்தான் பெய்யும் என்றீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் நான் அந்த ஊரில்தான் இருக்கிறேன்.

உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது. வெறும் நட்பு என்று இனி என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. தெரியாத மாதிரி உங்களோடு பேசிக்கொண்டிருக்கவும் முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை அரங்கேற்றம் முடியட்டும். அதுவரை இதை நினைக்க வேண்டாம். அதற்குப் பிறகும் பதில் எழுதத் தோன்றினால் மட்டும் எழுதுங்கள்.

வாய்க்காலைத் தாண்டும்போது என்னிடம் கொடுத்த கம்மல் பத்திரமாக இருக்கிறது. அதைத் தனியாகக் கொடுத்தனுப்புகிறேன்."

இதை அப்படியே எடுத்து எழுத முடியாது, மைல்கல் உங்களுடையது இல்லை. அமைப்பை மட்டும் பாருங்கள். முதலில் அவர் செய்தது. அடுத்து அது உங்களுக்குள் எங்கே போய் உட்கார்ந்தது என்பது, ஒரே வரியில். அப்புறம் விஷயத்தை நேராகச் சொல்வது. இங்கே உவமையும் அலங்காரமும் வேண்டாம், அவர் இரண்டாவது முறை படித்து அர்த்தம் தேடும்படி வைக்காதீர்கள். பிறகு அவருக்கு நேரம் கொடுப்பது. மேடை நடிகைக்கு அரங்கேற்றத்துக்கு முந்தின நாட்களும், திரை நடிகைக்குக் கால்ஷீட் நெருக்கும் நாட்களும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருப்பதே அவருக்கு நீங்கள் செய்யும் பெரிய மரியாதை. கடைசியில் தரையில் கால் பதியும் ஒரு சாதாரணச் செய்தி. அந்தக் கம்மலைத் தனியாக அனுப்புவதைக் கவனியுங்கள். திருப்பித் தரும் சாக்கில் இன்னொரு சந்திப்பைக் கேட்கவில்லை.

படி 6: வெட்டுங்கள்

சத்தமாகப் படியுங்கள். வசனம் மாதிரி ஒலிக்கும் இடம் எல்லாம் போக வேண்டும். வசனத்தை அவர் உங்களைவிட நன்றாக அடையாளம் காண்பார், அதுதானே தொழில். 'என்றென்றும்', 'ஜென்மம்', 'உயிர்' இருந்தால் எடுத்துவிடுங்கள். 'நான்' எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். 'நீங்கள்' அதைவிட அதிகம் இருக்க வேண்டும். கவிதை மேற்கோள் வேண்டாம், யாருடையதாக இருந்தாலும்.

படி 7: வேறு யாராவது படித்தால்?

பொது வாழ்வில் இருப்பவருக்குப் போகும் காகிதம் எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா, 'திருமதி பேட்ரிக் கேம்பல்' என்ற பெயரில் நடித்த நடிகைக்கு உருகி உருகி எழுதிய கடிதங்களில் சிலவற்றை, அந்த நடிகை 1922இல் தன் நினைவுகளோடு சேர்த்து அச்சிட்டார். ஷாவுக்கு அதில் விருப்பமே இல்லை. இருவரும் இறந்த பிறகு, 1952இல் இன்னும் விரிவான தொகுப்பு வந்தது. அங்கே சங்கடப்பட்டது எழுதிய ஆண். பெரும்பாலும் அடி விழுவது நடிகைக்குத்தான். ஒரு வரி வெளியே கசிந்தால் அவர் பெயரை வைத்துத்தான் கதை கட்டுவார்கள்.

அதனால் கடிதத்தில் போன ஊரின் பெயரும் தேதியும் வேண்டாம். உடன் வந்த மற்றவர்களைப் பற்றி எதுவும் வேண்டாம். வழியில் அவர் நம்பிச் சொன்ன குடும்ப விஷயமோ, சக நடிகர் பற்றிய பேச்சோ ஒரு சொல்லும் வரக் கூடாது. அவர் பெயரைக்கூட விட்டுவிட்டு எழுதலாம், மேலே உள்ள கடிதத்தில் பெயர் இல்லை. அகப்பாடல்களில் தலைவன் தலைவி பெயரைச் சொல்லக் கூடாது என்பது இலக்கண விதி. காதலைச் சொல்லப் பெயர் தேவையில்லை என்று அவர்கள் அன்றே முடிவு செய்துவிட்டார்கள். படிக்கிறவருக்கு மைல்கல் போதும், தான்தான் என்று தெரியும்.

படி 8: கொடுப்பதும் அதன் பிறகும்

கையால் எழுதுங்கள், கோடில்லாத சாதாரணத் தாளில், ஒரே பக்கத்தில். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் வந்ததா என்று நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், பார்க்கிறீர்கள் என்பது அவருக்கும் தெரியும். தவிர, அதைப் படம்பிடித்துப் பரப்புவது சுலபம்.

மேனேஜர் வழியாகவோ உதவியாளர் வழியாகவோ கொடுக்காதீர்கள். படப்பிடிப்புத் தளத்திலும் கேரவன் வாசலிலும் ஒப்பனை அறையிலும் கொடுக்காதீர்கள். அங்கே அவருக்கு ஓடி ஒளிய இடம் இல்லை. அடுத்த முறை சாதாரணமாகச் சந்தித்துப் பிரியும்போது உறையைக் கையில் கொடுத்து, "அப்புறம் படிங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். சந்திப்பு உடனே அமையாது என்றால் அவரே உங்களுக்குக் கொடுத்த முகவரிக்குத் தபால். பூவும் பரிசும் சேர்க்க வேண்டாம், வாங்கிக்கொண்டால் கடன்பட்ட மாதிரி இருக்கும்.

கொடுத்த பிறகு "படிச்சீங்களா?" என்று கேட்கக் கூடாது. வேறு விஷயமாகப் பேச வேண்டியிருந்தால் அதை மட்டும் பேசுங்கள். இரண்டாவது கடிதம் எழுதாதீர்கள். மௌனமும் பதில்தான், அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அவர் எழுதினால், அவர் எழுதியதற்குப் பதில் எழுதுங்கள். அவர் மழையைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் நீங்களும் மழையைப் பற்றியே எழுதலாம். அவசரம் ஒன்றும் இல்லை.

வேண்டாம் என்றால், ஒரு வரி போதும்: "சொன்னதற்கு நன்றி, சங்கடப்பட வேண்டாம்." அன்று எடுத்த படங்களை எங்கும் போடாதீர்கள், நண்பர்களிடம் அந்தப் பயணத்தைக் கதையாகச் சொல்லாதீர்கள், வரைவு எழுதிய தாள்களைக் கிழித்துவிடுங்கள். அவர் நாடகத்துக்குப் போகலாமா என்றால், போகலாம். எல்லோரையும் போல டிக்கெட் வாங்கி, நடு வரிசைக்குப் பின்னால் எங்காவது உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போகாமல் நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள்.